மகளிர் சைக்கிள் விரைவுப் பந்தயம்: காற்றும் சரிவும் கடைசிப் பத்து விநாடியும்

பந்தயம் என்றால் முந்துபவருக்கே பரிசு என்பது சிறு குழந்தைகளும் அறிந்த செய்தி. முந்துவதற்கு எவரும் விரும்பாமல், எதிரியை முன்னே போகவிட்டுத் தாம் பின்னே தங்குவதற்கே முயலும் பந்தயம் ஒன்று உண்டு என்றால் கேட்பவர் நகைக்கக்கூடும். ஆயினும் அத்தகைய பந்தயம் உலகின் பல நாடுகளில் ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறது. மரப்பலகைகளால் அமைந்த சாய்வான பாதையில் சைக்கிள் ஏறிய இரு பெண்கள் நடைவேகத்தில் ஊர்ந்து செல்வர். முன்னே செல்பவர் அடிக்கடி தோளுக்கு மேல் திரும்பிப் பின்னே வருபவரை நோக்குவார். சில வேளைகளில் இருவரும் சரிவின் மேலேயே அசையாமல் நின்றுவிடுவர். கால் தரையில் படாது, வண்டியும் சாயாது. பிறகு ஒருவர் திடீரெனப் பாய, மற்றவர் தொடர, மணிக்கு 65 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் இருவரும் இறுதிக் கோட்டைக் கடப்பர். இதுவே ‘ஸ்பிரிண்ட்’ எனப்படும் சைக்கிள் விரைவுப் பந்தயம்.

2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் லண்டன் ஒலிம்பிக் பந்தயங்களில் நிகழ்ந்த மகளிர் இறுதிப் போட்டி இதற்குத் தக்க சான்று. பிரிட்டனின் விக்டோரியா பெண்டில்டனும் ஆஸ்திரேலியாவின் அன்னா மியர்சும் அதில் மோதினர். மூன்று ஓட்டங்களில் இரண்டை வென்றவருக்கே தங்கப் பதக்கம். முதல் ஓட்டத்தில் இருவரும் ஒருவரையொருவர் உராய்ந்தவாறே கோட்டை அடைந்தனர். பெண்டில்டன் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு முந்தியிருந்தார். அந்த வேகத்தில் ஆயிரத்தில் ஒரு விநாடி என்பது தூரத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரு விரலின் அகலம்தான். எனினும் அவர் தமக்குரிய ஒழுங்கைவிட்டு விலகி ஓட்டினார் என்று நடுவர்கள் தீர்ப்பளித்து, அந்த ஓட்டத்தை மியர்சுக்கே வழங்கினர். இரண்டாம் ஓட்டத்தில் மியர்ஸ் சரிவின் மேல் ஏறி, வேகத்தை அறவே தணித்து, ஏறக்குறைய நின்றே விட்டார். பின்னே வந்த பெண்டில்டனுக்கு முன்னே செல்வதைத் தவிர வேறு வழி இல்லாமற் போயிற்று. கடைசிச் சுற்றில் மியர்ஸ் அவரைக் கடந்து சென்று பதக்கத்தை வென்றார். நின்றதனால் வென்றார் என்று சொல்வது மிகையன்று.

முன்னே செல்வதில் அப்படி என்ன இழப்பு? எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்த எவருக்கும் இதன் விடை உடலறிந்த உண்மை. காற்று அசையாமல் இருக்கும்போதும், ஓட்டுபவர் விரைந்து சென்றால் அவருக்கு அது எதிர்க்காற்றே. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. அத்தடையை வெல்வதற்கு ஒவ்வொரு விநாடியும் செலவிட வேண்டிய சக்தியோ எட்டு மடங்காகிறது. தாழக் குனிந்து அமர்ந்த ஓட்டுநர் ஒருவர் விநாடிக்கு 10 மீட்டர் செல்லும்போது காற்றுக்காக மட்டும் செலவிடும் சக்தி ஏறத்தாழ 120 வாட் எனக் கொள்ளலாம். அவரே விநாடிக்கு 20 மீட்டர் செல்ல முனைந்தால் 960 வாட் வேண்டியதாகும். ஒரு குதிரைச் சக்தி என்பது 746 வாட்; ஆகவே ஒரு பெண் தன் இரு கால்களால் ஒன்றேகால் குதிரைச் சக்திக்கு மேல் உண்டாக்கிக் காற்றிடம் ஒப்படைக்கிறாள்.

முன்னே செல்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவருக்குப் பின்னே காற்றழுத்தம் குறைந்த ஒரு சிறு மறைவிடம் உண்டாகிறது. அதற்குள் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டினாற்போல் வருபவருக்குத் தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை குறையக்கூடும். முன்னவர் முழு மூச்சுடன் மிதிக்க, பின்னவர் அதே வேகத்தில் வந்தும் சக்தியைச் சேமித்து வைக்கிறார். கடைசி வளைவு திரும்பியதும் அந்தச் சேமிப்பைச் செலவிட்டு வெளிப்புறமாகச் சுற்றி முந்துகிறார். ஆனால் மிகவும் காத்திருந்தால் முந்துவதற்குத் தூரம் போதாது. முன்னவரும் இதனை அறிந்தே தமது பாய்ச்சலை எதிர்பாராத இடத்தில் தொடங்குவார். ஆகவே இந்தப் பந்தயத்தில் கால்களுக்கு உள்ள பங்கு கணிப்புக்கும் உண்டு. சதுரங்கத்தோடு இதனை ஒப்பிடுவது வழக்கம். சதுரங்கத்தில் சிந்திக்க நேரம் உண்டு என்பதை அவ்வாறு ஒப்பிடுவோர் மறந்துவிடுகின்றனர்.

பாதையின் அமைப்பும் இந்தச் சூழ்ச்சிகளுக்கு இடம் தருகிறது. உலகப் போட்டிகளுக்குரிய பாதை இன்று பெரும்பாலும் 250 மீட்டர் சுற்றளவுள்ள நீள்வட்டம். அகலம் 7 மீட்டர் அளவினது. நேர்ப்பகுதிகளில் அதன் சாய்வு 12 டிகிரி அளவே இருக்கும். வளைவுகளிலோ 42 டிகிரி அளவுக்கு எழும்பி நிற்கும். முதல் முறை காண்பவருக்கு அது பாதையாகத் தோன்றாது, சுவராகவே தோன்றும். திருவிழாக்களிலும் பொருட்காட்சிகளிலும் ‘மரணக் கிணறு’ என்ற பெயரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் செங்குத்தான பலகைச் சுவரின் மீது சுற்றி வருவதைப் பலரும் கண்டிருப்பர். அங்கே செயற்படும் விதியே இங்கும் செயற்படுகிறது.

வளைவில் செல்லும் பொருள் எதுவும் நேராகவே போக முயலும். அதனை உள்நோக்கித் திருப்ப ஒரு விசை வேண்டும். சமதரையில் அவ்விசையைச் சக்கரத்திற்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வு மட்டுமே தரவேண்டும். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்ப வேண்டுமானால், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுக்க, 400-ஐ 245-ஆல் வகுத்து, 1.63 கிடைக்கிறது. ஓட்டுபவர் நிலைகுத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 58 டிகிரி உட்புறம் சாய வேண்டும் என்பது இதன் பொருள். சமதரையில் இவ்வளவு சாய்ந்தால் சக்கரம் வழுக்கி விழுவது உறுதி. பாதையே 42 டிகிரி சாய்ந்திருப்பதால், பாதைக்கும் வண்டிக்கும் இடையே எஞ்சி நிற்கும் வேறுபாடு 16 டிகிரிதான். அதை உராய்வு எளிதில் தாங்கும். அதே வளைவில் ஓட்டுபவரின் உடல் தன் எடையைப் போல் 1.9 மடங்கு கனப்பதாகவும் இக்கணக்கு காட்டுகிறது. 65 கிலோ எடையுள்ள பெண்ணின் முதுகும் கைகளும் அந்தச் சில கணங்களில் 120 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்குவது போன்ற நிலையில் இருக்கின்றன. உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு வட்ட இயக்கத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், கயிற்றில் கட்டிய கல்லுக்கு மாறாக இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுப் பார்க்கலாம்.

சரிவு வேறொரு வகையிலும் பயன்படுகிறது. பாதையின் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட 4 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அங்கே ஏறி நிற்பவர் உயரத்தின் வடிவில் சக்தியைச் சேமித்து வைத்திருக்கிறார். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் மேலே வந்துகொண்டிருப்பவர் மிதிக்காமலேயே 4 மீட்டர் இறங்கினால், உராய்வையும் காற்றையும் ஒதுக்கிவிட்டுக் கணக்கிடும்போது, மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடுவார். தந்திரம் அறிந்தவர் பின்னே இருப்பதோடு மேலேயும் இருக்க விரும்புவதன் காரணம் இதுவே. கீழே ஓட்டுபவருக்கு மேலிருந்து எந்தக் கணத்தில் பருந்து பாயும் என்பது தெரியாது.

பாதையின் உள்விளிம்பிலிருந்து ஏறத்தாழ 85 சென்டிமீட்டரில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. பாய்ச்சல் தொடங்கிவிட்டபின், அந்தக் கோட்டிற்கு உட்பட்ட ஒழுங்கையில் முன்னே செல்பவர் அதைவிட்டு வெளியேறி, பின்னவரின் வழியை அடைக்கலாகாது. லண்டனில் பெண்டில்டன் இழந்தது இந்தக் கோட்டினால்தான். நிற்பதற்கும் விதி உண்டு. ஓர் ஓட்டத்தில் இருமுறைக்கு மேல் நிற்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் 30 விநாடிக்கு மேற்படலாகாது. முற்காலத்தில் இவ்வரம்பு இல்லாமையால் வீரர்கள் நெடுநேரம் நின்று காண்போரின் பொறுமையைச் சோதித்ததுண்டு.

நிற்பது எவ்வாறு இயலும் என்பதும் அறியத்தக்கது. இந்தச் சைக்கிளில் ‘பிரீவீல்’ கிடையாது. பின்சக்கரம் சுழலும்வரை மிதிகட்டையும் சுழன்றே தீரும். பிரேக்கும் கிடையாது. முன்சக்கரத்தைச் சரிவின் மேல்நோக்கித் திருப்பி வைத்தால், புவியீர்ப்பு வண்டியைப் பின்னே தள்ளும். மிதியை மெல்ல அழுத்தினால் அது முன்னே நகரும். இரண்டையும் சமன் செய்து நிற்பதே திறமை. வேகத்தைத் தணிப்பதற்கும் மிதியை எதிர்த்து அழுத்துவதன்றி வேறு வழியில்லை. முழு வேகத்தில் செல்கையில் எதிரே தடை தோன்றினால் நிறுத்த இயலாது என்பதும் இதனின்று விளங்கும். இதன் விளைவு பின்னர்க் கூறப்படும்.

பற்சக்கரங்களின் அளவு அண்மைக் காலத்தில் மிகவும் மாறிவிட்டது. முன்னே 48 பற்களும் பின்னே 14 பற்களும் உள்ள வண்டி, மிதிகட்டை ஒரு சுற்று சுற்றினால் ஏறத்தாழ 7.2 மீட்டர் செல்லும். முன்னே 60 பற்கள் இருப்பின் 9 மீட்டர் செல்லும். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்திற்கு முதல் வண்டியில் நிமிடத்திற்கு 167 சுற்று மிதிக்க வேண்டும். இரண்டாவதில் 133 போதும். சுற்றுக் குறையும்போது ஒவ்வொரு மிதியிலும் கூடுதல் விசை வேண்டும். கால்களின் விரைவைக் காட்டிலும் வலிமையை நாடும் பயிற்சி முறைக்கு இது வழி வகுத்தது. விரைவோட்ட வீராங்கனைகள் இன்று பாரம் தூக்கும் பயிற்சியில் செலவிடும் நேரம் மிகுதி.

இந்த வலிமை எங்கிருந்து வருகிறது? தசைநார்களில் மெல்லச் சுருங்கி நெடுநேரம் உழைப்பவை ஒரு வகை. விரைந்து சுருங்கி விரைவிலேயே களைப்பவை மற்றொரு வகை. விரைவோட்டத்திற்கு இரண்டாம் வகையே முதன்மையானது. முழு முயற்சியின் முதற் கணங்களில் தசை உயிர்க்காற்றுக்காகக் காத்திருப்பதில்லை. தன்னுள்ளே சேமித்து வைத்த ஏ.டி.பி., பாஸ்போகிரியாட்டின் ஆகிய பொருள்களைச் சிதைத்துச் சக்தி பெறுகிறது. அந்தச் சேமிப்பு ஏறத்தாழப் பத்து விநாடியில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கடைசி 200 மீட்டருக்கு மட்டுமே நேரம் கணக்கிடப்படுகிறது; சிறந்த வீராங்கனையர் அதனைக் கடப்பதும் பத்து விநாடி அளவில்தான். பந்தயத்தின் விதி உடலின் விதியோடு இவ்வளவு பொருந்தியிருப்பது தற்செயலாயினும் வியக்கத்தக்கது.

இக்காரணத்தினாலேயே பனிக்கட்டியின் மேல் சறுக்கி ஓடும் வேகச் சறுக்கு வீராங்கனைகள் கோடைக்காலத்தில் சைக்கிள் பாதையிலும் வெற்றி பெற்றனர். குனிந்த உடல், தொடையின் பெருந்தசைகளின் வெடிப்பான உந்தல், குறுகிய நேரம் ஆகிய மூன்றும் இரண்டிற்கும் பொது. அமெரிக்காவின் ஷீலா யங் 1976-இல் இன்ஸ்புருக் குளிர்கால ஒலிம்பிக்கில் 500 மீட்டர் சறுக்கில் தங்கம் வென்று, அதே ஆண்டில் சைக்கிள் விரைவோட்டத்தில் உலகப் பட்டமும் பெற்றார். கிழக்கு ஜெர்மனியின் கிறிஸ்டா ரோத்தன்பர்கர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். 1988 பிப்ரவரியில் கால்கரி நகரில் 1000 மீட்டர் சறுக்கில் தங்கமும் 500 மீட்டரில் வெள்ளியும் வென்ற அவர், அதே ஆண்டு செப்டம்பரில் சியோல் நகரில் சைக்கிள் விரைவோட்டத்தில் வெள்ளி பெற்றார். ஒரே ஆண்டில் குளிர்கால, கோடைக்கால ஒலிம்பிக் இரண்டிலும் பதக்கம் பெற்றவர் அவர் ஒருவரே. 1994 முதல் இவ்விரண்டும் வெவ்வேறு ஆண்டுகளில் நடைபெறுவதால் இனி ஒருவர் அதனைச் செய்ய இயலாது.

சியோல் நகரில் நடைபெற்றதுதான் ஒலிம்பிக்கின் முதல் மகளிர் விரைவோட்டம் என்பது கருதத்தக்கது. ஆடவர்க்கு 1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக்கிலேயே இப்பந்தயம் இருந்தது. உலகப் பட்டப் போட்டியோ ஆடவர்க்கு 1893-இல் தொடங்கியது; மகளிர்க்கு 1958-இல் பாரிசில்தான் தொடங்கியது. அந்த 65 ஆண்டுகளில் பெண்கள் சைக்கிள் ஓட்டாமல் இருந்துவிடவில்லை. பட்டம் வழங்கும் மேடைதான் அவர்களுக்கு இல்லை. பெண்ணின் உடல் கடும் முயற்சியைத் தாங்காது என்ற எண்ணம் அக்காலத்து விளையாட்டு அதிகாரிகளிடையே வேரூன்றியிருந்தது. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் 800 மீட்டர் ஓடியதன் பின்னர், அந்தப் பந்தயமே நீக்கப்பட்டு 1960 வரை ஒலிம்பிக்கில் இடம் பெறவில்லை என்பது பலரும் அறிந்தது. சைக்கிளில் மகளிர்க்கு முதல் ஒலிம்பிக் பந்தயம் 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸ் சாலைப் பந்தயம். பாதைப் பந்தயத்திற்கு மேலும் நான்கு ஆண்டுகள் பிடித்தன.

மேடை கிடைத்தவுடன் அதனைச் சோவியத் பெண்கள் கைப்பற்றினர். 1958-இல் முதற் பட்டம் வென்ற கலினா எர்மோலாயெவா 1972 வரை ஆறு முறை வெற்றி பெற்றார். அந்தப் பதினைந்து ஆண்டுகளிலும் பட்டம் சோவியத் யூனியனை விட்டு வெளியே செல்லவில்லை. 1973-இல் ஷீலா யங் அந்த வரிசையை முறித்தார். சியோலில் தங்கம் வென்ற எரிக்கா சாலுமேயும் சோவியத் அணியினரே. ஆனால் அவர் எஸ்டோனிய நாட்டவர். நான்கு ஆண்டுகளுக்குப்பின் பார்சிலோனாவில் அவர் மீண்டும் தங்கம் வென்றபோது எஸ்டோனியா தனி நாடாகியிருந்தது. பதக்க மேடையில் அந்நாட்டின் நீலம், கருப்பு, வெள்ளைக் கொடி தலைகீழாக ஏற்றப்பட்டது. அந்தக் கொடியை ஏற்றிப் பழகியவர் அங்கே இலர் போலும்.

அடுத்து வந்த பிரான்சின் பெலிசியா பலஞ்சே 1995 முதல் 1999 வரை தொடர்ந்து ஐந்து உலகப் பட்டங்களையும், 1996-லும் 2000-லும் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றார். 2004-இல் ஏதென்ஸில் தங்கம் பெற்ற கனடாவின் லோரி-ஆன் முன்சருக்கு அப்பொழுது வயது 38. விரைவுத் தசை இளமைக்கே உரியது என்று கற்பிப்போர் இந்த ஒன்றை நினைவிற் கொள்ளலாம்.

வாய்ப்பின் அளவு என்னவாயிருந்தது என்பதை 2008-ஆம் ஆண்டுப் பெய்ஜிங் ஒலிம்பிக் தெளிவாகக் காட்டும். அங்கே பாதைப் பந்தயங்களில் ஆடவர்க்கு 7 பதக்கப் போட்டிகள், மகளிர்க்கு 3. விரைவோட்ட வீரரான பிரிட்டனின் கிறிஸ் ஹாய் அவற்றுள் மூன்றில் பங்கு பெற்று மூன்று தங்கங்களுடன் திரும்பினார். அதே நாட்டின் பெண்டில்டன் அதே பாதையில் தம் விரைவைக் காட்டுவதற்கு ஒரே ஒரு போட்டிதான் இருந்தது. அதனை அவர் வென்றார். பதக்கங்களை எண்ணித் திறமையை அளப்போர், போட்டிகளையும் எண்ண வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை. 2012-இல் லண்டனில் இரு பாலார்க்கும் ஐந்து ஐந்தாகச் சமன் செய்யப்பட்டது. அணி விரைவோட்டத்தில் ஆடவர் மூவர் மூன்று சுற்று ஓட்ட, மகளிர் இருவர் இரண்டு சுற்று ஓட்டும் வழக்கம் மேலும் சில ஆண்டுகள் நீடித்தது. 2024-இல் பாரிசில்தான் ஒலிம்பிக்கில் மகளிரும் மூவராக ஓட்டினர். தனியொருவராகக் காலத்தை எதிர்த்து ஓட்டும் பந்தயத்தில் ஆடவர்க்கு 1000 மீட்டரும் மகளிர்க்கு 500 மீட்டரும் என்றிருந்தது. 2025 முதல் இருவர்க்கும் 1000 மீட்டர் என உலகச் சைக்கிள் சங்கம் மாற்றியமைத்துள்ளது.

எண்கள் இதனைப் பற்றி என்ன கூறுகின்றன? தகுதிச் சுற்றில் ஒருவர் தனியே முழு வேகத்துடன் வந்து 200 மீட்டரைக் கடக்கும் நேரமே அளவுகோல். 1993-இல் மாஸ்கோவில் ஓல்கா ஸ்லியூசரேவா 10.831 விநாடியில் கடந்தார். 2019-இல் பொலிவியாவின் கொச்சபம்பாவில் கனடாவின் கெல்சி மிச்சல் 10.154 விநாடி எடுத்தார். அந்நகர் 2500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்திருக்கும். அந்த அளவுக்குத் தடையும் குறையும். ஆனால் 2024-இல் உயரம் குறைந்த பாரிசிலேயே ஜெர்மனியின் லியா பிரீட்ரிச் 10.029 விநாடியில் கடந்தார். அன்று அது உலகச் சாதனை. மணிக்கு ஏறத்தாழ 71.8 கிலோமீட்டர் வேகம் அது.

ஆடவர் சாதனையோடு ஒப்பிடும்போது ஒரு செய்தியை மறக்கலாகாது. அதே பாரிஸ் போட்டியில் நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரேசன் 9.088 விநாடி எடுத்தார். வேகத்தில் வேறுபாடு பத்து விழுக்காடு. எட்டு மடங்கு என மேலே கூறிய விதியின்படி, சக்தியில் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படும். ஆடவர்க்குத் தசையின் பருமன் மிகுதி என்பதே இதன் முதற்காரணம். ஒரே குறுக்களவுள்ள தசையை எடுத்துக்கொண்டால் பெண்ணின் தசையும் ஆணின் தசையும் ஏறத்தாழச் சமமான விசையையே தருகின்றன என்று உடலியல் அறிஞர் கண்டுள்ளனர். 1995-இல் போகோட்டாவின் மெல்லிய காற்றில் கனடா வீரர் கர்ட் ஹார்னெட் நிறுவிய ஆடவர் சாதனை 9.865 விநாடி. ஒரு தலைமுறைக்கு முன் ஆடவர் உலகில் எவரும் எட்டாத அளவுக்கு மிக அருகே, மலையின் உதவியின்றி, ஒரு பெண் வந்து சேர்ந்திருக்கிறாள்.

இதற்குக் கொடுக்கும் விலையும் சிறிதன்று. 2008 சனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் பந்தயமொன்றில் விழுந்த அன்னா மியர்ஸின் கழுத்தெலும்பு கீறியது. இன்னும் சிறிது விலகியிருந்தால் உயிருக்கோ உடல் இயக்கத்திற்கோ கேடு நேர்ந்திருக்கும். ஏழு திங்களுக்குப்பின் அவர் பெய்ஜிங்கில் வெள்ளி வென்றார்; லண்டனில் அவர் பெற்ற தங்கம் அதற்கும் நான்கு ஆண்டுகள் பிந்தியது. ஜெர்மனியின் கிறிஸ்டினா வோகலுக்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. 2016-இல் ரியோ நகரில் இறுதி ஓட்டத்தில் கோட்டைக் கடக்கும்போதே வண்டியின் இருக்கை கழன்று விழுந்தும் அவர் தங்கம் வென்றவர். பதினொரு உலகப் பட்டங்களுக்கு உரியவர். 2018 சூன் மாதம் காட்புஸ் நகரில் பயிற்சியின்போது பாதையில் இருந்த மற்றொருவர்மீது முழு வேகத்தில் மோதியதில் முதுகுத்தண்டு சிதைந்து, மார்பின் கீழ் உணர்விழந்தார். பிரேக் இல்லாத வண்டி என்று முன்னர்க் கூறியதன் பொருள் இதுவே. பயிற்சி நேரத்தில் பாதையில் யார் எப்போது இருக்கலாம் என்ற ஒழுங்கு, அலுவலகக் கட்டுப்பாடு போல் எளிதாகக் கருதத்தக்கதன்று.

ஆசியாவில் இப்பந்தயம் காலூன்றியது அண்மையில்தான். சீனாவின் குவோ சுவாங் 2008-லும் 2012-லும் வெண்கலம் பெற்றார். ஆங்காங்கைச் சேர்ந்த லீ வாய் சே 2019-இல் உலகப் பட்டமும், 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் வென்றார். இந்தியாவில் 2010 காமன்வெல்த் போட்டிகளுக்கெனப் புதுடில்லியில் இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் 250 மீட்டர் மரப்பாதை, கூரையுடன் அமைக்கப்பட்டது. 2022-இல் ஆசியப் பட்டப் போட்டிகள் அங்கே நடைபெற்றன. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது மரமொன்றைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பிய நிக்கோபார்ச் சிறுமி டெபோரா ஹெரால்டு, பின்னர் அந்தப் பாதையில் பயின்று, 2015-இல் 500 மீட்டர் பந்தயத்தின் உலகத் தரவரிசையில் நான்காம் இடம் வரை உயர்ந்தார். கார் நிக்கோபாரில் சரிந்த மரப்பாதை ஏதும் இல்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பாதை இல்லாத ஊரிலும் பாதைக்குரியவரைக் கண்டறிய இயலும் என்பதற்குக் கெல்சி மிச்சலின் வரலாறு துணை செய்கிறது. பல்கலைக்கழகக் காலம் வரை அவர் கால்பந்து ஆடியவர். 2017-இல் கனடாவில் விளையாட்டுத் திறனைத் தேடும் சோதனை ஒன்றில் கலந்துகொண்டார். ஓட்டம், தாவுதல், தசை வலிமை, தாங்குதிறன் ஆகியவற்றை அளந்த சோதனையாளர்கள், அவரைச் சைக்கிள் பாதைக்கு அனுப்பினர். இரண்டு ஆண்டில் அவர் உலகச் சாதனை நிறுவினார். நான்காம் ஆண்டில் ஒலிம்பிக் தங்கம் பெற்றார்.

அச்சோதனைகளுள் தாவுதல் ஒன்றுக்கு யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. எந்தப் பள்ளியிலும் அதனைச் செய்யலாம். மாணவி சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று, பாதம் தரையில் படிந்திருக்கக் கையை உயர்த்தி, சுண்ணக்கட்டி தடவிய விரல்நுனியால் ஒரு குறி இட வேண்டும். பின்பு ஓடி வராமல், நின்ற இடத்திலிருந்தே முழங்கால் மடக்கி இயன்ற உயரம் தாவி மற்றொரு குறி இட வேண்டும். இரு குறிகளுக்கும் இடைப்பட்ட உயரமே அளவு. 50 சென்டிமீட்டர் தாவியவள் தரையை விட்டபோது அவளுடைய வேகம் விநாடிக்கு 3.1 மீட்டர் என்பதைப் பெரிய வகுப்பு மாணவிகளே கணக்கிட்டுச் சொல்வர். மூன்று முறை தாவச் செய்து மிகுந்த அளவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால் போதும். வயது, எடை, அளந்த நாள் ஆகியவற்றையும் உடன் எழுதி வைத்தல் வேண்டும். ஆறு திங்கள் கழித்து மீண்டும் அளக்கும்போது, வளர்ச்சியால் வந்தது எவ்வளவு, பயிற்சியால் வந்தது எவ்வளவு என்பதைப் பிரித்தறிய அவை தேவைப்படும்.